நான் செய்த கொலுசு எல்லாம் உருகிப் போயிருக்கும். அப்புறம் 31 வருடம் எதற்கு?

கொலுசுப்பட்டறை எழுதியது:

வயது 53. ஊர் சேலம், சிவதாபுரம். 22 வயதில் ஊதுகுழலைப் பிடித்தவன், போன தை மாதம் பட்டறையை மூடிவிட்டேன்.

கடன் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபோதே, எனக்கு வெள்ளிக் கட்டி கொடுத்துக்கொண்டிருந்த செவ்வாய்ப்பேட்டை வியாபாரி அளவைக் குறைத்தார். வாரம் 5 கிலோ தந்தவர் ஒன்றரைக்கு வந்தார். அப்புறம் மெஷினில் செய்த மால் வேறு வந்துவிட்டது. நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் நானும் மச்சானும் மட்டும் மிஞ்சினோம். மச்சான் ஓமலூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். நான் ஷட்டரை இறக்கினேன். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், மாதாமாதம் அனுப்புகிறான். சோற்றுக்குக் குறைவில்லை.

என் சங்கடம் வேறு. இரண்டு மாதம் முன்பு அக்கா மகள் பழைய கொலுசைப் போட்டுப் புதுசு எடுக்க என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் எடை போட்டார், உரசிப் பார்த்து டச் (வெள்ளியின் சுத்தம்) சொன்னார், கழிவைக் கழித்தார், கொலுசைப் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டார். எட்டிப் பார்த்தேன். முக்கால் டப்பா பழைய கொலுசு, எல்லாம் உருக்குவதற்கு. அதில் மேலாகக் கிடந்த ஒரு ஜோடி நான் செய்தது.

எப்படித் தெரியும் என்றால், மெருகுக்குக் கொடுக்கும் இடத்தில் மற்றவர்கள் மாலோடு கலந்துவிடக் கூடாது என்று, திருகுக்கு உள்பக்கம் அரத்தால் மூன்று கீறல் போடுவேன். காலில் போடுகிறவர்களுக்குத் தெரியாது. நான் மட்டும் கண்டுபிடிப்பேன்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 31 வருடத்தில் எத்தனை ஆயிரம் ஜோடி! கொலுசு என்றால் தேயும், அறும், மாடல் பழசாகும், மாற்றிவிடுவார்கள். மாற்றினால் உருக்குதான். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் கல்தச்சன் வேலையை இன்றைக்கும் தொட்டுப் பார்க்கலாம். ராமர் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான், வாலி தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரிவதில்லை. எத்தனை நூறு வருடமாக அந்தக் குறும்பு அப்படியே நிற்கிறது! வெள்ளிக்கு 962 டிகிரி போதும், என் ஆயுசு முழுக்கச் செய்தது தண்ணீர் மாதிரி ஓடிவிடும். என் வீட்டிலேயே நான் செய்த ஒரு ஜோடி இல்லை. மனைவி போட்டிருப்பது கடையில் வாங்கியது. பட்டறைக்காரன் வீட்டில் அப்படித்தான், நல்ல மால் எல்லாம் வெளியே போய்விடும்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மனைவியிடம் சொன்னால், "வேலை இல்லாததால் யோசிக்கிறீங்க" என்கிறாள். சரிதான். ஆனால் வேலை இருந்தபோது யோசிக்காமல் விட்டதுதானே இப்போது வருகிறது?

கேட்கிறேன்: இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? கர்மயோகம், கடமையைச் செய் என்று ஃபார்வர்ட் மட்டும் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் தினம் நாலு வருகிறது.

—

மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர். அரபிகா காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் மிளகு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்த கதையை டூரிஸ்ட்டுகளுக்கு எல்லோரும் சொல்வார்கள். தண்டுத் துளைப்பான் பூச்சியின் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்டில் பட்டைக்கு அடியில் வளையம் வளையமாகப் புடைத்திருக்கும். இலை வாடும். உள்ளே புழு குடைந்துகொண்டிருக்கும். வைத்தியம் கிடையாது, வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டாக வெளியே வந்து அடுத்த செடிக்குப் போகும். மூன்று வருடம் முன்பு ஒரே சரிவில் 140 செடி கொளுத்தினேன். எல்லாம் எங்கள் அப்பா வைத்தது. அவர் கட்டிலில் படுத்திருந்தார், புகை வாசம் அவருக்கும் போயிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் கேட்ட அதே கேள்வி எனக்கும் வந்தது. பதில் கிடைத்ததா என்றால் இல்லை. நான் மறுபடி நட்டதற்குக் காரணம் அர்த்தம் இல்லை அண்ணா, குழி. பிடுங்கிய இடத்தில் 140 குழி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், மண் சரியும், மாடு கால் விடும். பார்க்கவே எரிச்சல். அந்த எரிச்சலில்தான் நாற்று வாங்கினேன். வைத்த நாற்று காய்க்க மூன்று, நாலு வருடம் ஆகும். இந்தப் பங்குனியில் பூ மழை சரியாக விழுந்தது, ஒரு வாரம் பத்து நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் பூத்தது. மல்லிகை மாதிரி வாசம். மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகிவிடும். அப்பா பார்க்கவில்லையே என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள்.

—

பழைய_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தத்துவம் எனக்கு வராது. மூன்று மணி விழிப்பு என்று எழுதினீர்களே, அங்கேதான் என் கண் நின்றது.

நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. கேட்டால் பலருக்குப் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் இன்றைக்கே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் நம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இல்லை என்றாலும் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். உடம்புக் கோளாறு மனசுக் கோளாறு மாதிரி வேஷம் போட்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அர்த்தத்தைத் தேடுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

—

நேர்பேச்சு எழுதியது:

தாரமங்கலத்தில் அந்தத் தூணைச் செதுக்கியவன் பெயர் என்ன? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் அவனைப் பார்த்து என்ன பொறாமை?

—

கொலுசுப்பட்டறை எழுதியது:

பெயர் யாருக்கு வேண்டும்? தூண் நிற்கிறதே.

—

தறிவீட்டுப்பெண் எழுதியது:

அண்ணா, நான் அம்மாப்பேட்டை. எங்கள் வீட்டில் இரண்டு தறி, சேலை நெய்வோம். அம்மாவுக்குத் தாலியில் குண்டுமணி அளவு தங்கம். மற்றபடி இருந்த நகை ஒரு ஜோடி கொலுசுதான், 20 பவுன் எடை இருக்கும், முத்து வைத்த பழைய மாடல்.

அது காலில் இருந்ததைவிட அடகுக்கடையில் இருந்த நாள்தான் அதிகம். மழை வந்தால் பாவு நூல் காயாது, தறி நிற்கும், கொலுசு போகும். தீபாவளிக் கூலி வந்தால் திரும்பும். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது போனது. பாட்டி காரியத்துக்குப் போனது. அம்மா நடந்தால் சத்தம் வருகிறதா என்று கேட்டே வீட்டில் காசு இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சத்தம் இல்லாத மாதத்தில் நோட்டு வாங்கக் கேட்க மாட்டோம்.

ஏழு தடவை போய் ஆறு தடவை திரும்பியது. ஏழாவது தடவை 2009இல், நான் பாலிடெக்னிக் சேர. 2,500 ரூபாய். மீட்க முடியவில்லை, மூழ்கிவிட்டது. நீங்கள் பார்த்த மாதிரி ஏதோ ஒரு டப்பாவுக்குத்தான் போயிருக்கும். நான் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறேன்.

கல்தூணை அடகு வைக்க முடியுமா அண்ணா? உருகும் என்பதால்தானே அதற்குக் கடைக்காரர் காசு கொடுத்தார். செய்தவர் யாரென்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை, அது உண்மை. உங்கள் பதிவைப் படித்த பிறகு என் காலில் இருப்பதைக் கழற்றித் திருகைப் பார்த்தேன். கீறல் இல்லை. உங்களுடையது இல்லை.

—

கொலுசுப்பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

சிஸ்டர் அக்கா, சாகத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் அப்படிக் கேட்டதும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சர்க்கரை 210 இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து போவது தத்துவ விசாரணை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஏற்காட்டுத் தம்பி, குழி விஷயத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வருகிறோம் என்று சொல்லச் சொன்னாள்.

தறிவீட்டுப் பாப்பா, உன் பதிவை நாலு தடவை படித்தேன். திருகில் கீறல் இல்லை என்று எழுதினாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சத்தம் இல்லாத மாதம் என்று எழுதியதை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. சலங்கை வைக்கும்போது சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் அடுத்ததை எடுப்பேன். அதைக் கேட்டு நோட்டு வாங்காமல் இருந்த பிள்ளைகள் இருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

போன வாரம் அக்கா மகளின் புதுக் கொலுசில் ஒரு சலங்கை விழுந்துவிட்டது. வாங்கி இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனேன். பற்றவைக்கத் தடவும் வெங்காரம் கட்டிதட்டிக் கிடந்தது, இடித்துக் கரைத்தேன். ஒட்டுப் பொடி வைத்து ஊதினேன், முதல் தடவை கை நடுங்கிச் சலங்கை நகர்ந்துவிட்டது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. மெஷின் மால் என்று திட்டலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வளையம் எல்லாம் ஒரே சீராக இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சல். பழக்கத்தில் திருகில் கீறல் போட அரத்தை எடுத்துவிட்டேன். நான் செய்ததில்லையே என்று திரும்ப வைத்துவிட்டேன்.

ஷட்டர் திறந்ததைப் பார்த்துத் தெருவில் இன்னும் மூன்று ஜோடி வந்திருக்கிறது. எல்லாம் சில்லறை ரிப்பேர். ஒரு ஒட்டுக்கு 50 ரூபாய் கேட்கலாமா?

—

நேர்பேச்சு எழுதியது:

100 கேளுங்கள்.