பள்ளி விளையாட்டு நிதிக் கணக்கு: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வணக்கம். இங்கிலாந்துல பிரைமரி ஸ்கூல் கவர்னரா (பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினரா) இருக்கிறவங்க, டீச்சர்கள் யாராவது இந்தக் குழுவில் இருக்கீங்களா?

பிரைமரி பள்ளிகளோட உடற்கல்வி, விளையாட்டுக்காக 2013-ல இருந்து அரசு தர்ற 'பிஇ அண்ட் ஸ்போர்ட் பிரீமியம்'ங்கிற நிதி பற்றித்தான் கேள்வி. நான் இந்த வருஷம்தான் பேரன்ட் கவர்னர் (அந்தக் குழுவில் பெற்றோர் சார்பா இருக்கிறவர்) ஆனேன். எங்க பள்ளியில் இயர் 1 முதல் 6 வரை 180 பிள்ளைகள். அடிப்படை 16,000 பவுண்ட், தலைக்கு 10 பவுண்ட், ஆக 2024-25க்கு 17,800.

பள்ளி இணையதளத்துல போட்டிருக்கிற கணக்கு மொத்தமே மூணு வரி: கோச்சிங் 9,500, உபகரணங்கள் 4,300, இதர செலவு 4,000. அந்த 'இதர' என்னன்னு யாருக்கும் தெரியல. இயர் 6 பிள்ளைகள்ல எத்தனை சதவீதம் பேர் 25 மீட்டர் நீந்துறாங்கன்னு போடணும். அந்தக் கட்டம் காலி.

என் பையன் சொல்றான், கோச் வந்தா மிஸ் ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டு திருத்தப் போயிடுவாங்களாம். டீச்சரோட பிபிஏ நேரத்தை (பாடம் தயாரிக்க, நோட்டு திருத்த ஒதுக்கின நேரம்) நிரப்ப இந்தப் பணத்துல கோச் வைக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. கூட நின்னு கத்துக்கிட்டாத்தானே கோச் போன பிறகும் டீச்சரால நடத்த முடியும்? (ஏழு வயசுப் பையன் சாட்சி, அதை வெச்சு சண்டைக்குப் போக முடியாது!)

ஹெட் டீச்சர் நல்ல மனுஷி, குத்தம் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. மீட்டிங்ல இதை எப்படி எடுக்கிறது? உங்க பள்ளி அறிக்கை தெளிவா இருந்தா லிங்க் போடுங்க, ப்ளீஸ். அடுத்த வியாழன் மீட்டிங்.