பல்மசேடா: அரசமைப்பை மீறியவரா, வெடியுப்புக்குப் பலியானவரா?

நெய்தல்நிலவன்:
1886 முதல் 1891 வரை சிலியின் குடியரசுத் தலைவராக இருந்த ஹோசே மனுவேல் பல்மசேடாவை, அந்நிய முதலாளிகள் வீழ்த்திய தியாகி என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1833ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, ஆண்டுதோறும் நாடாளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றினால்தான் அரசு செலவு செய்ய முடியும். 1891க்கான திட்டம் நிறைவேறாத நிலையில், முந்தைய ஆண்டின் திட்டமே தொடரும் என்று ஜனவரி 5 அன்று அவர் தாமே ஆணையிட்டார். இரண்டே நாளில், ஹோர்ஹே மோந்த் தலைமையிலான கடற்படை நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது; உள்நாட்டுப் போர் மூண்டது. முதலில் சட்டத்தை மீறியவர் யார் என்பதில் ஐயமே இல்லை.

செங்கழுநீர்:
ஐயா, அந்தத் திட்டம் ஏன் நிறைவேறவில்லை என்பதை விட்டுவிட்டீர்கள். பெருவையும் பொலிவியாவையும் எதிர்த்துச் சிலி நடத்திய பசிபிக் போரில் (1879–84) பெருவிடமிருந்து கைப்பற்றிய தராபாக்கா பாலைவனத்தின் வெடியுப்பு (உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்பட்ட நைட்ரேட்) ஏற்றுமதி வரிதான் அன்று சிலி அரசின் பெரும் வருவாய். அதைக் கொண்டு பல்மசேடா இருப்புப்பாதைகளும் பள்ளிக்கூடங்களும் அமைத்தார். 1887இல் பொதுப்பணித் துறைக்கென்று தனி அமைச்சகம் கண்டார். சுமார் நூறு மீட்டர் உயரமுள்ள மல்யேகோ இரயில் பாலம் 1890இல் அவர் காலத்தில்தான் திறக்கப்பட்டது. அந்த வடபகுதியில் ‘வெடியுப்பு அரசர்’ எனப்பட்ட ஆங்கிலேயர் ஜான் தாமஸ் நார்த்தின் கை ஓங்கியிருந்தபோது, 1889இல் இக்கிகே நகருக்கே சென்று, இத்தொழில் அந்நியரின் ஏகபோகமாகிவிடக் கூடாது என்று பேசியவர் அவர். அப்படிப்பட்டவருக்குப் பகைவர்கள் முளைக்காமல் இருப்பார்களா?

நெய்தல்நிலவன்:
வெடியுப்பை ஏற்றிச் செல்லும் இரயில் பாதையில் நார்த்துக்கு இருந்த ஏகபோகத்தை உடைக்க விரும்பியவர்களில் வேறு பிரிட்டிஷ் நிறுவனங்களும் இருந்தன. ஆகவே இதைச் சிலிக்கும் அந்நியருக்கும் நடந்த போராகச் சுருக்குவது பொருந்தாது. உண்மையான பிணக்கு தேர்தலைப் பற்றியது. முந்தைய தலைவர் சாந்தா மரியாவின் உள்துறை அமைச்சராக இருந்தபோது, அரசு விரும்பியவர்களையே வெற்றிபெறச் செய்யும் கலையைப் பல்மசேடா நன்கு அறிந்திருந்தார். அவருடைய ஆட்சியில் அதே முறையில் உள்ளே வந்த உறுப்பினர்களே, தமக்குப் பின் தம் நெருங்கிய கூட்டாளி சான்ஃபுவெந்தஸைத் தலைவராக அமர்த்தப் பார்க்கிறார் என்ற ஐயத்தில் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது, அவ்வளவுதான்.

கரிசல்மண்:
இருவரும் தலைநகர அரண்மனையை விட்டு வெளியே வரவில்லையே! 1890 ஜூலையில் இக்கிகே துறைமுகத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் வெடியுப்பு வயல்களுக்கும் பரவியது; தொடக்கத்தில் சற்றே தயங்கிய பல்மசேடா அரசு, பின்பு படையை ஏவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், சாந்தியாகோவை அடுத்த லோ கானியாஸ் பண்ணையில் கூடியிருந்த எதிரணி இளைஞர்களை அவருடைய படையினர் தாக்கி, பிடிபட்ட சிலரையும் சுட்டுக் கொன்றார்கள். தியாகிப் பட்டம் தருபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

செங்கழுநீர்:
கரிசல்மண் சொல்வதை மறுக்க முடியாது; அவரை அப்பழுக்கற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வென்றவர்கள் எதனால் வென்றார்கள் என்பதைப் பாருங்கள். இக்கிகேயைப் பிடித்தவுடன் வெடியுப்பு வரி முழுவதும் நாடாளுமன்ற அணியின் கைக்குப் போனது. அந்தப் பணத்தில் புதிய துப்பாக்கிகள் வாங்கினார்கள், ஜெர்மானிய அதிகாரி எமில் கோர்னர் படையைப் பழக்கினார். ஆகஸ்ட் 21இல் கொன்கோனிலும் 28இல் பிளாசியாவிலும் அரசுப் படை சிதைந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், அமைச்சரவைகளை அடுத்தடுத்துக் கவிழ்ப்பதே நாடாளுமன்றத்தின் வேலையாயிற்று. இதுவா அரசமைப்பின் வெற்றி?
இன்னொன்று: அர்ஜென்டினத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், செப்டம்பர் 18இல் தம் பதவிக்காலம் முடியும்வரை காத்திருந்து, மறுநாள் காலையில்தான் தம்மைச் சுட்டுக்கொண்டார். சாசனம் குறித்த நாளை அவ்வளவு மதித்தவரைச் சர்வாதிகாரி என்பதா?

நெய்தல்நிலவன்:
அந்த முடிவு என் மனத்தையும் பிசைகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது: பதவி எந்நாளில் முடியும் என்று சொன்ன அதே சாசனம்தான், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிச் செலவு செய்யாதே என்றும் சொன்னது; செப்டம்பரில் அதை மதித்தவர் ஜனவரியில் ஏன் மதிக்கவில்லை?