‘ரீஃப் சேஃப்’: ஒரு சொல்லா, இரண்டா?

கொளத்தூரிலிருந்து:
வண்ணமீன் கடைகளில் கொடுக்கும் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பவளத்தோடு எந்த மீனை விடலாம் என்பதுதான் பொருள். பவளத்தைக் கெடுக்காத மீனைக் குறிக்கும் ‘ரீஃப் சேஃப்’ என்பதற்குப் ‘பவள இணக்க மீன்’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

ராயபுரத்திலிருந்து:
ஐயா, ‘இணக்கம்’ இரண்டு சங்கதிகளைக் குழப்புகிறது. நீல டாம்சல் மீன் பவளத்தைத் தொடாது. ஆனால் மூன்றடித் தொட்டியில் முதலில் குடியேறிவிட்டால், பின்னால் விடுகிற மீனையெல்லாம் துரத்தித் துடுப்பைக் கிழித்துவிடும். குள்ள ஏஞ்சல் மீன் க்ளௌன் மீனோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், பவளத்தைத்தான் கொத்தும். கொத்துப்பட்ட பவளம் பகலிலும் விரியாமல் சுருங்கியே கிடக்கும். வாங்குகிறவர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பவளத்தைக் கெடுக்காதது ‘பவளந்தீண்டா மீன்’, மற்ற மீன்களோடு ஒத்துப்போவது ‘கூடிவாழ் மீன்’ எனலாமே.

தண்டையார்பேட்டையிலிருந்து:
‘தீண்டா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சரி. ஆனால் அது வேண்டாம். அந்தச் சொல் நம் ஊரில் சுமந்து வரும் கொடுமையைப் புதுக் கலைச்சொல்லில் ஏற்ற வேண்டியதில்லை. பொருளும் தவறு: க்ளௌன் சில பவளங்களின் மேலேயே உரசிக்கொண்டு கிடக்கும். மரங்கொத்தியைப் பாருங்கள். பவளப் பூச்சியையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களைப் ‘பவளங்கொத்தி’ என்போம், மற்றவை ‘பவளங்கொத்தா மீன்’. ம் திரிந்து ங் ஆவதும் இயல்பாக இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து:
பவளத்துக்குச் சங்கப் பாடல்களில் ‘துகிர்’ என்ற அழகான சொல் இருக்கிறது. ‘துகிர்கொத்தா மீன்’ என்க. ‘பவளம்’, ‘பவழம்’ என்ற எழுத்துச் சண்டையும் தீரும்.

காசிமேட்டிலிருந்து:
அண்ணே, துகிர் என்று எழுதினால் கடைக்காரருக்கே அகராதி வேண்டும். கடலில் போகிறவர்கள் பவளப் பாறையைப் ‘பார்’ என்பார்கள், ஆனால் துண்டறிக்கையில் ‘பார் மீன்’ என்றிருந்தால் பார்க்கச் சொல்வதாகப் படிப்பார்கள். பவளமே இருக்கட்டும். ஆனால் சிங்கமீனை எதில் சேர்ப்பீர்கள்? பவளத்தைக் கொத்தாது, வாய்க்குள் நுழைகிற இறாலையும் சின்ன மீனையும் விழுங்கிவிடும்.

ராயபுரத்திலிருந்து:
அதற்குத் தனி வரி போடுங்கள். விடும் வரிசைதான் முக்கியம்: கூச்சமுள்ள ஃபயர்ஃபிஷ் முதலில் (துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம்), அப்புறம் க்ளௌன் ஜோடி, அடாவடி மீன் கடைசியில். ஒன்று விட்டபின் இரண்டு வாரமாவது பொறுத்து, தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சு) பூஜ்யம் என்று பார்த்த பிறகே அடுத்தது. டாங் வகை மீனுக்கு நாலடித் தொட்டிக்குக் குறையக் கூடாது. நோய்க்குத் தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது, இறாலும் பவளமும் செத்துவிடும். கல்பவளங்கள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கொளத்தூரிலிருந்து:
நேரமில்லை. ‘பவளங்கொத்தா’, ‘கூடிவாழ்’ இரண்டையும் போடுகிறேன். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் ‘ரீஃப் சேஃப்’ பக்கத்தில் இருக்கும்.

திருவொற்றியூரிலிருந்து:
துகிரை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

காசிமேட்டிலிருந்து:
சிங்கமீன் வரியை மறந்துவிடாதீர்கள்.