எண்களாக நின்ற பிள்ளைகள்

ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை:

கணக்கில் நாடகம் என்றதும் வேஷம், வசனம் என்று போய்விடுகிறோம். முக்கோண அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை சூத்திரம் ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாத்திரம் செய்கிற காரியமே கணக்காக இருக்க வேண்டும்.

பகா எண்களை (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை) மட்டும் சலித்தெடுக்கும் முறையான எரட்டோஸ்தனிஸ் சல்லடையை நடித்தோம். 1 முதல் 30 வரை ஆளுக்கு ஓர் அட்டை, எல்லோரும் நிற்க வேண்டும். 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. அதனால் அவள் கதைசொல்லி. அவள் குரல் கொடுத்ததும் 2 கிளம்பிப் போய்த் தன் மடங்குகளின் அட்டைகளைத் தொட்டான். தொட்டவுடன் அவர்கள் உட்கார வேண்டும். அடுத்து 3, அப்புறம் 5. ஏற்கனவே உட்கார்ந்திருந்தாலும் தொடாமல் விடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். "டீச்சர், என்னை 2, 3, 5 மூணு பேரும் தொட்டாங்க" என்றான் 30. பகாக் காரணிகள் அங்கேயே வந்துவிட்டன.

7-இன் முறை வந்தது. 14, 21, 28 மூவரும் தரையில். "நான் உட்கார வைக்க யாருமே இல்லையே?" என்று கேட்டாள். பலகையில் எழுதிக் காட்டும்போது இந்தக் கேள்வி வந்ததே இல்லை. வகுப்பே சேர்ந்து யோசித்தது. 7-ஐ 2 முதல் 6 வரை எதனால் பெருக்கினாலும் விடையை 2, 3, 5-இல் ஒருவர் முன்பே தொட்டிருப்பார். 7-க்கென்று புதிதாக வருவது 7 × 7 = 49. அது நம் 30-க்குள் கிடையாது! ஆக, நின்றுகொண்டிருந்த பத்துப் பேரும் பகா எண்கள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியர்:

நீங்கள் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் எனக்குக் கடன் நாடகம் பிடிக்கும். ஒரு மாணவியிடம் 8 வரவுச் சீட்டு, 3 கடன் சீட்டு. அவள் மதிப்பு 5. கடன் கொடுத்தவன் வந்து அந்த 3 சீட்டையும் வாங்கிக் கிழித்துப் போடுகிறான். இப்போது 8. கழித்தோம், ஆனால் கூடிவிட்டது: 5 − (−3) = 8. பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் இந்த விதிகளை எழுதினார்.

பெருக்கலுக்கு மட்டும் கடன் கதையை இழுக்காதீர்கள், குழப்பிவிடும். அங்கே தரையில் எண்கோடு வரைந்து நடக்க விடுகிறேன். (−3) × (−2) என்றால், 0-இல் குறைப் பக்கம் பார்த்து நின்று, இரண்டிரண்டு கட்டமாக மூன்று தடவை பின்னோக்கி நடக்க வேண்டும். கால் போய் நிற்பது +6-இல்.