பையனுக்குச் சீலை வேண்டாம், சொம்பைக் கொடுங்க: வகுப்பு நாடக அனுபவங்கள்

கோபி டீச்சர்:
'ஆம்பள வேலை, பொம்பள வேலை' பத்தி சின்னப் புள்ளைங்களோட நாடகம் போடறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. என்னோடதை முதல்ல எழுதறேன்.

எங்களுது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. புள்ளைங்க வீட்டுல பாதிப்பேர் தறி, மீதிப்பேர் பண்ணையத்து வேலை. நாலாம் வகுப்புக்கு எழுதிக் கொடுத்த வசனமெல்லாம் கிடையாது, நிலவரம் மட்டும் சொல்லுவேன். சாயங்காலம், ஒரு வீடு. அக்கா வீட்டுப்பாடம் எழுத உக்கார்றா. அப்பா தண்ணி கேக்கறார், அப்பாரு (தாத்தா) வெத்தலைப் பொட்டி கேக்கறார், டிவி பாக்கற அண்ணன் முறுக்கு கேக்கறான். ஒவ்வொருக்காவும் எந்திரிக்கறது அவ மட்டும்தான். ஆத்தா, அதாவது அப்பாவைப் பெத்த பாட்டி, திண்ணையில சும்மா பாத்துட்டு இருக்காங்க.

ஒருவாட்டி நடிச்சு முடிச்சதும் அதையே மறுபடி ஓட்டுவோம். பாக்கற எந்தப் புள்ளையும் கைதட்டி நிறுத்தலாம், அக்கா இடத்துக்கு வந்து வேற மாதிரி செஞ்சு பாக்கலாம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் உண்டாக்குன முறை இது. கொடுமை செய்யறவனைத் திடீர்னு நல்லவனா மாத்திட்டா பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு பொய் வந்துரும்ங்கறதால, பாதிக்கப்படற ஆளைத்தான் அதுல மாத்துவாங்க. அந்த முறையை நான் விட்டுக்கொடுக்கறதில்லை. ஆனா திண்ணையில இருக்கற ஆத்தாளையும் மாத்த விடறேன். ஒன்பது வயசுப் புள்ள வீட்டுல தனியா எதிர்த்து நின்னு ஜெயிக்கணும்னு நாம சொல்லிக்கொடுக்கறது நியாயமில்லைங்க.

முதல்ல வந்த புள்ள "மாட்டேன்"னு கத்துனா. அப்பாவா நடிச்ச பையன் உடனே கையை ஓங்குனான். யாரும் சொல்லிக்கொடுக்கலை. அடுத்து ஒரு பையன் அக்காவா வந்தான். எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தவன், "இப்படிக் கூப்பிட்டா எப்ப டீச்சர் எழுதறது?"ன்னு என்கிட்டயே கேட்டான். அப்புறம் ஒருத்தி ஆத்தாளா போய் நின்னா. "ஏண்டா, பானை உனக்குத்தான் கிட்டத்துல இருக்குது. எந்திரிச்சு மோந்து குடி"ன்னு அப்பனைப் பாத்துச் சொன்னா. அப்பனை அதட்டற உரிமை அந்த வீட்டுல ஆத்தாளுக்குத்தான்னு புள்ளைங்களா கண்டுபிடிச்சாங்க. நான் யோசிச்சே பாக்காத வழி அது.

முக்கியமா ஒண்ணு. பையன் பொண்ணா நடிக்கறப்ப சீலை, பொட்டு, குரல் மாத்தறது எதுவும் வேண்டாம். சீலை கட்டுனா எல்லாரும் சிரிக்கறாங்க, அந்தச் சிரிப்புல அக்காளோட வேலை மறைஞ்சு போகுது. கையில தண்ணிச் சொம்பை மட்டும் கொடுங்க, போதும்.

பல்லடத்து அம்மிணி:
டீச்சர், நான் இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருக்கறப்ப இதே மாதிரி செஞ்சேனுங்க. "எம்பையனைப் பொட்டச்சியா நடிக்க விட்டீங்களாமே"ன்னு ஒரு அப்பா சண்டைக்கே வந்துட்டார். "அண்ணன்மார் கதை கேக்கப் போவீங்கல்ல, உடுக்கை அடிக்கறவர் பொன்னருக்கும் பாடறார், தங்கச்சி தங்கத்துக்கும் அவரேதானே அழுது பாடறார், அவரை யாராச்சும் கொறைச்சுப் பேசறமா?"ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. ஆனா பையனை நிறுத்தலை, அதுவே எனக்குப் பெருசு.

ஈரோட்டு வாத்தியார்:
அஞ்சாம் வகுப்புக்கு நாங்க எடுத்தது 1921 கள்ளுக்கடை மறியல். பெரியார் சிறைக்குப் போனதும் அவர் மனைவி நாகம்மையாரும் கூடப்பிறந்த கண்ணம்மாளும் முன்னால நின்ன கதை, நம்ம ஊர்லயே நடந்தது. 'வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்க?'ங்கற காட்சியை மட்டும் புள்ளைங்களே உண்டாக்கணும்னு விட்டேன். "ரோட்டுல நின்னா ஊரு என்ன பேசும்"னு ஒரு பெரியம்மா வேஷம் கேட்டுது. அதுக்கு யார் வேணா பதில் சொல்லலாம். பொண்ணுங்க வரிசை கட்டி நின்னாங்க. பசங்க மெதுவாத்தான் வந்தாங்க.

டீச்சர், ஒரு சந்தேகம். எங்க வகுப்புல அதட்டற அண்ணனா நடிச்ச பையனை இப்பவும் எல்லாரும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. அவன் அழுகறான்.

கோபி டீச்சர்:
சார், அவன் மனசு நோகறது நாடகத்துக்கே கேடு. முடிஞ்சதும் ஒவ்வொரு புள்ளையும் துண்டையோ சொம்பையோ கீழ வெச்சுட்டு, சொந்தப் பேரைச் சொல்லி, தனக்குப் பிடிச்ச ஒரு விளையாட்டையும் சொல்லணும். அதுக்கப்புறந்தான் பேச்சு. அண்ணன் வேஷத்தை அடுத்தடுத்து ரெண்டு பொண்ணுங்களுக்குக் கொடுங்க. வேஷம் யாருக்கும் ஒட்டிக்காது. அந்தப் பையனை இந்த வாரமே ஆத்தாளா நடிக்கக் கூப்பிடுங்க சார், என்ன நடந்துச்சுன்னு இங்க எழுதுங்க.