பாஸ்போ ஸ்டாட்3 ஆன்டிபாடில பேண்டே வரல, டோட்டல் மட்டும் சூப்பரா வருது. ஆன்டிபாடி போயிடுச்சா?

தண்டையார்பேட்டை பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரத்துல நாலு தடவ வெஸ்டர்ன் பிளாட் (புரோட்டீன ஜெல்லுல பிரிச்சு, மெம்பரேனுக்கு மாத்தி, ஆன்டிபாடி வச்சு பாக்குற டெஸ்ட்) ஓட்டிட்டேன். பாஸ்போ ஸ்டாட்3 ஆன்டிபாடி, அதாவது ஸ்டாட்3 புரோட்டீன்ல 705வது எடத்துல இருக்குற டைரோசின்ல பாஸ்பேட் மாட்டியிருந்தா மட்டும் புடிக்கிறது, முயல்ல பண்ணது. மெம்பரேன் முழுக்க புகை மாதிரி பேக்ரவுண்டு இருக்கே தவிர பேண்டு ஒண்ணுமே இல்ல. அதே லைசேட்ல (செல்ல ஒடச்சு எடுத்த சாறு) டோட்டல் ஸ்டாட்3 ஆன்டிபாடி, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாட்டியும் புடிக்கிறது, போட்டா 86 கிலோடால்டன்ல கும்முனு வருது, கீழ 79ல ஸ்டாட்3யோட சின்ன வடிவமான பீட்டா கூட மெலிசா தெரியுது. செல் ஹெப்ஜி2, லிவர் கேன்சர் செல். சாயங்காலம் ஐஎல்-6 (ஸ்டாட்3ய தூண்டுற சிக்னல் புரோட்டீன்) போட்டுட்டு பஸ் புடிச்சு வீட்டுக்கு போயிடுவேன், காலைல வந்து லைஸ் பண்ணுவேன். ஆன்டிபாடி கண்ட எடத்துல ஒட்டாம இருக்க பண்ற பிளாக்கிங்குக்கு 5% பால் பவுடர். ஆன்டிபாடி புதுசா வாங்கித்தாங்கன்னு கைடு கிட்ட கேக்கவே பயமா இருக்கு, ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

வண்ணாரப்பேட்ட அண்ணன்:
தங்கச்சி, மொதல்ல பால் பவுடர மாத்து. பால்ல இருக்குற கேசினே ஒரு பாஸ்போ புரோட்டீன்மா, பாஸ்போ ஆன்டிபாடிக்கு அது தொல்லை, உன் பேக்ரவுண்டு அதனாலயும் இருக்கலாம். 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) போடு, ஆன்டிபாடியையும் அதுலயே கலக்கு, மெம்பரேன கழுவுறதுக்கு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) வேணாம், டிபிஎஸ்டி (ட்வீன் கலந்த டிரிஸ் உப்புக் கரைசல்) வச்சுக்கோ.

ராயபுரம் அக்கா:
தம்பி சொல்றது சரிதான், ஆனா பேண்டே இல்லாததுக்கு பால் மட்டும் காரணம்னு எனக்கு தோணல. டோட்டல் வருதுல்ல, அப்போ புரோட்டீன் இருக்கு, டிரான்ஸ்ஃபரும் ஓகே. பாஸ்பேட்டுதான் இல்ல. கண்ணு, ராத்திரி பூரா ஐஎல்-6ல விட்டா எப்படிமா இருக்கும்? ரிசெப்டார்ல ஐஎல்-6 ஒட்டுனதும் ஜாக் கைனேஸ் போய் 705ல பாஸ்பேட் மாட்டும், ரெண்டு ஸ்டாட்3 ஜோடி சேந்து நியூக்ளியஸுக்குள்ள போகும், போயி ஆன் பண்ற ஜீன்கள்ல ஒண்ணு சாக்ஸ்3 (SOCS3), அதோட புரோட்டீனே திரும்பி வந்து ஜாக்குக்கு பிரேக் போட்டுடும். சிக்னல் உச்சத்துல இருக்குறது 15லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள. செல்லு சரியான செல்லுதான், 1994ல இந்த புரோட்டீன புடிச்சதே ஐஎல்-6 லிவர்ல என்ன பண்ணுதுன்னு தேடிப்போய்தான்.

அப்புறம் நம்ம காசிமேட்டுல போட்டுலேர்ந்து மீன் எறக்குறதுக்கு முன்னாடியே ஐஸ் ஒடச்சு ரெடியா வச்சிருப்பாங்கல்ல, நீயும் அப்படி இருக்கணும். டைம் ஆனதும் டிஷ்ஷ நேரா ஐஸ் மேல வை, சில்லுனு இருக்குற பிபிஎஸ்ல ஒரு வாட்டி கழுவு, உடனே லைசிஸ் பஃபர ஊத்து. செல்லுக்குள்ள பாஸ்பேட்ட கழட்டுற என்சைம் பாஸ்படேஸ் சும்மா இருக்காது. ஆமா, அத தடுக்குற வனடேட் போடுறியா?

தண்டையார்பேட்டை பொண்ணு:
பழைய ஸ்டாக் போடுறேன் அக்கா, மஞ்சளா இருக்கு.

ராயபுரம் அக்கா:
மஞ்சளா இருந்தா போடாத. பிஹெச் 10ல வச்சு கொதிக்க வை, நிறம் போகும், ஆறவிட்டு திரும்ப பிஹெச் பாரு, கலர் வராத வரைக்கும் இதையே பண்ணு. ஃபைனல் 1 மில்லிமோலார். ஐஎல்-6 போடாத செல்லுக்கு ஜெல்லுல ஒரு லேன் (வரிசை) கட்டாயம் வை, அது இல்லாம எந்த பேண்டையும் நம்பாத.

தண்டையார்பேட்டை பொண்ணு:
அக்கா!!! வந்துடுச்சு. போடாதது, 15, 30, ராத்திரி பூரான்னு நாலு லேன் ஓட்டினேன். போடாதது காலி, 15லயும் 30லயும் கறுப்பா 86, கடைசி லேன்ல உத்து பாத்தா நூல் மாதிரி ஒரு கோடு. டோட்டல் நாலுலயும் ஒரே மாதிரி. அதே பழைய ஆன்டிபாடி ட்யூப்தான் அக்கா, இன்னும் பாதி இருக்கு.