கூடைப்பந்து 'டிராஃப்ட்': தெரிவா, வரைவா, உத்தியா?

செ. (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் 'டிராஃப்ட்' பற்றிய விளக்கக் குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். வியாழன் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

நடப்பது இதுதான். ஆண்டுதோறும் ஜூன் மாதம் 30 அணிகளும் முறைவைத்து, கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுக்கின்றன. இரண்டு சுற்று. ஓர் அணி ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால், லீக்குக்குள் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே. முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்குச் சம்பள வரம்பும் அட்டவணைப்படிதான். அங்கே விலை கேட்பதே இல்லை. ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு 'ஏலம்' என்றால் உடனே புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

எனக்கு வந்த இயந்திர மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் 'வரைவு' என்று இருக்கிறது, சட்ட வரைவு மாதிரி. அதற்குப் பதில் ஒரு சொல் வேண்டும். எடுக்கப்பட்டவர், எடுக்கப்படாதவர், எடுத்த அணியின் உரிமை ஆகியவற்றுக்கும் அதிலிருந்தே சொல் பிறந்தால் நல்லது.

மு.

வீரர் தேர்வு. வேறென்ன வேண்டும்?

பா.

'ஆட்சேர்ப்பு' பொருந்துமே?

செ.

பா. அம்மா, அது பொருந்தாது. டிராஃப்டில் எடுக்கப்படுவது வேறு, அணியில் சேர்வது வேறு. 1947இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிளிஃப்டன் மெக்நீலி அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பள்ளிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். 2015இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டாலஸ் அணி 52ஆவதாக எடுத்தது. அவரும் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றிலும் களமிறங்கவில்லை. சேர்ப்பு என்று எழுதினால் இவர்கள் இருவருக்கும் பொய்யாகிவிடும்.

மு. ஐயா, 'தேர்வு' என்றதும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மார்க்?"

ந. (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் இந்தச் சிக்கலே இல்லை. சோதனைக்குப் பரீட்சை, ஆளை எடுக்கிறதுக்குத் தெரிவு. தேசிய அணித் தெரிவு என்றுதான் பத்திரிகையிலும் போடுவினம். தெரிவானவர், தெரிவாகாதவர், தெரிவுரிமை எல்லாம் தானாகவே வரும். வள்ளுவரும் ஆளை ஆராய்ந்து எடுக்கிறதைத் 'தெரிந்துதெளிதல்' என்று தனி அதிகாரமாகவே வைத்தவர்.

கோ.

நண்பர்களே, இயந்திரம் தெரியாமல் சரியான சொல்லில் கைவைத்திருக்கிறது. அதைத் துரத்தாதீர்கள்.

வரைதல் என்றால் எழுதுதல் மட்டுமா? எல்லை கட்டுதல், விலக்குதல், மணத்தல், தனக்கு உரியதாக்கிக்கொள்ளுதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. குறள் 150இல் 'அறன்வரையான்' வருகிறது. அறத்தைத் தனக்கு உரித்தாகச் செய்யாதவன் என்றே பரிமேலழகர் பொருள்கொள்கிறார். 'பிறன்வரையாள்' என்பதும் அங்கேயே வருகிறது, பிறன் எல்லைக்குள் இருப்பவள். செ. சொன்ன செய்தியை இதோடு வைத்துப் பாருங்கள். ஓர் அணி ஓர் ஆட்டக்காரனைத் தனக்கென்று வரைந்துகொள்கிறது; அதன்பின் மற்ற 29 அணிகளுக்கும் அவன் விலக்கு. உரியதாக்கல், விலக்கல் இரண்டையும் ஒரே வினை சொல்கிறது. தேர்வும் தெரிவும் முதல் பாதியை மட்டுமே சொல்லும். பூ பொறுக்குவதும் தெரிவுதான். அகத்திணையில் வரைவுகடாதல் என்று துறையே உண்டு. 'பலரறிய உரிமை கொள், காலம் தாழ்த்தாதே' என்று தோழி தலைவனை நெருக்குவது அது. மேடையில் பெயர் சொல்லி, அணித் தொப்பியைத் தலையில் வைப்பதும் பலரறியச் செய்வதல்லவா?

மலையைக் குறிக்கும் 'வரை', மூங்கிலைக் குறிக்கும் 'வரை' இரண்டும் எல்லைப் பொருளிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. அதை வேறு மடலில் எழுதுகிறேன்.

மு.

கோ. ஐயா, வரைந்துகொண்டதைக் கைமாற்றுவார்களா? 1996இல் சார்லட் அணி 13ஆவதாகக் கோபி பிரயன்ட்டை எடுத்து, சில வாரங்களில் விளாடே டிவாட்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு மாற்றாக லேக்கர்ஸ் அணியிடம் கொடுத்துவிட்டது. மணப்பொருள் உள்ள சொல் இதைத் தாங்காது. அதைவிடப் பெரிய தடை வாசகர். நூறு பேரில் எத்தனை பேர் 'அறன்வரையான்' வழியாக என்.பி.ஏ.வுக்கு வருவார்கள்?

கோ.

நூறு பேருக்கும் தெரிந்த சொல்லை மட்டுமே எழுதுவதென்றால் 'டிராஃப்ட்' என்றே எழுதிவிட்டுப் போகலாம். இந்தக் குழுவே தேவையில்லை.

த.

நான் உடற்கல்வி ஆசிரியை. வகுப்பில் சொல்லிப் பார்த்ததை எழுதுகிறேன்.

கபடிக்கு ஆள் பிரிக்கும்போது எங்கள் ஊரில் உத்தி பிரிப்போம். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் சரிக்குச் சரியாக இணைசேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" தலைவன் ஒன்றைச் சொல்வான், அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம் போவான். முறைவைத்து ஆள் எடுப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் இது. யுக்தியிலிருந்து வந்த உத்தி வேறு; இது 'ஒத்து' என்பதிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன், ஒத்த இருவர் நிற்பதால். 'உத்தி பிரிப்பு' என்றதும் எட்டாம் வகுப்புக்கு நொடியில் புரிந்தது.

செ.

த. அம்மா, படித்ததும் அந்த மரத்தடிக்கே போய்விட்டேன். ஆனால் அங்கே தலைவனுக்கு யாரைக் கேட்கிறோம் என்றே தெரியாது. டிராஃப்டில் உயரம், கை நீளம், கல்லூரி ஆட்டம் எல்லாம் பார்த்தல்லவா எடுக்கிறார்கள்?

த.

பார்த்துத்தான் எடுக்கிறார்கள். 1984இல் போர்ட்லாந்து பார்த்துப் பார்த்து இரண்டாவதாக சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோவுக்குப் போனவர் மைக்கேல் ஜோர்டன். பின்னாளில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராக விருது வாங்கிய நிகோலா யோக்கிச்சை 2014இல் 41ஆவதாகத்தான் எடுத்தார்கள்.

இரா.

யாரும் குலுக்கலைத் தொடவில்லையே. முந்தைய பருவத்தில் பின்தங்கிய 14 அணிகளுக்கு, முதலில் எடுப்பது யார் என்பதைக் குலுக்கல்தான் சொல்கிறது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுத்தால் 1001 சேர்க்கை. ஒன்றை ஒதுக்கி, 1000ஐ அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்குத் தலா 140. 2025இல் வெறும் 18 சேர்க்கை வைத்திருந்த டாலஸுக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். இதற்குக் 'குடவோலை' என்றே பெயர் வைக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். இங்கும் 30 அணிகள்.

மு.

குடவோலை ஆளையே தேர்ந்தது. இது வரிசையைத்தான் தருகிறது. குலுக்கல் என்ற நல்ல தமிழ் கையிலேயே இருக்கிறது.

செ. (வியாழன் மதியம்)

நேரம் முடிந்தது. தெரிவுக்கு நால்வர், உத்திக்கு இருவர், வரைவுக்குக் கோ. ஐயா ஒருவர். முதல் இடத்தில் 'டிராஃப்ட் எனப்படும் புதுவீரர் தெரிவு', பிறகு 'தெரிவு', 'தெரிவாகாதவர்', 'தெரிவுரிமை', 'குலுக்கல்' என்று அனுப்பிவிட்டேன். த. அம்மாவின் உத்தி பிரிப்பை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

செ. (வெள்ளி)

மெய்ப்புப் பார்த்தவர் 'தெரிவு' எல்லாவற்றையும் எழுத்துப்பிழை என்று 'தேர்வு' ஆக்கியிருக்கிறார். 'தேர்வாகாதவர்' என்று வந்திருக்கிறது. திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

ந.

ஐயோ, பரீட்சையில கோட்டை விட்ட பெடியன் மாதிரியெல்லோ கிடக்கு.

கோ.

'வரைவு' என்று விட்டிருந்தால் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். வரை, மலை, மூங்கில் பற்றிய மடலை ஞாயிறன்று அனுப்புகிறேன்.